பழைய ஸ்லாங் அகராதிக்குள் நுழைவது எப்படி

"கிட்டில் பிட்சரிங்" என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் இருக்கிறது. ஓர் ஆள் நீளமாகக் கதை அளக்க ஆரம்பிக்கிறார், கேட்பவர்களுக்குத் தாங்கவில்லை, ஆனால் போதும் நிறுத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கதையின் தொடக்கத்திலேயே ஒன்றுக்கும் உதவாத ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு மறுக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமையா? இருக்காதே, அது புதன்கிழமை இல்லையா?" அதை அவர் விளக்கி முடித்ததும் இன்னொரு உப்புச்சப்பில்லாத சந்தேகம், அது தீர்ந்ததும் இன்னொன்று, இப்படியே போனால் கதை தொடங்கவே தொடங்காது. இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து மாற்றி மாற்றிச் செய்தால் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது வெளியே தெரியாது என்று அகராதிக்காரர் கூடுதலாக ஒரு யோசனையும் தருகிறார். இது 1811-இல் லண்டனில் வெளியான ஒரு ஸ்லாங் அகராதியில் இருக்கும் பதிவு.

இந்த வேலையை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு குடும்ப விசேஷத்தில் செய்திருப்போம். அதற்கு ஒரு பெயர் இருந்தது, அதைச் சொல்லிச் சிரித்த ஒரு கூட்டம் இருந்தது என்று தெரியும்போது வரும் சந்தோஷம்தான் என்னை இந்தப் புத்தகங்களுக்குள் இழுத்தது. சாதாரண அகராதியை யாரும் கதைப்புத்தகம் மாதிரி படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. ஸ்லாங் அகராதியை அப்படிப் படிக்கலாம். ஆனால் வேடிக்கைச் சொற்களைப் பொறுக்கி நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பதோடு நின்றுவிட்டால் பாதி ருசிதான் கிடைக்கும், மீதிப் பாதிக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதற்குத்தான் இது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஸ்லாங் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் பலரும் கொச்சை என்பார்கள். ஆனால் கொச்சை என்றால் பெரும்பாலும் சிதைந்த உச்சரிப்பைத்தான் நினைக்கிறோம், "வாழைப்பழம்" "வாளப்பளம்" ஆவது போல. ஸ்லாங் அதுவல்ல. நன்னூலில் பவணந்தியார் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இதில் குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் தரும் உதாரணங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும். சொல்விளம்பி என்ற சொல்லை நிதானமாக ஒருமுறை யோசித்துப் பாருங்கள். குடித்தவன் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான், அதனால் கள்ளுக்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தோன்றும். தேர்வுக்காகப் படித்தபோது இந்த நகைச்சுவை என் கண்ணில் படவே இல்லை. ஆக, ஒரு கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் மறைமொழிக்கு நம்மிடம் இலக்கணப் பெயரே உண்டு. அந்த மறைமொழி சுவரேறிக் குதித்துத் தெருவுக்கு வந்து, எல்லோர் வாயிலும் புழங்கி, ஆனாலும் வாத்தியார் முன்னால் சொல்லத் தயங்கும் நிலையில் நின்றால் அதுதான் ஸ்லாங்.

சரி, எங்கே தொடங்குவது?

பிரான்சிஸ் குரோஸின் ஸ்லாங் அகராதி. வேறு யோசனையே வேண்டாம். 1785-இல் முதல் பதிப்பு, 1788-இல் திருத்திய பதிப்பு, அவர் 1791-இல் இறந்த பிறகு 1796-இல் இன்னொன்று, 1811-இல் வேறொருவர் கையால் இன்னும் கொஞ்சம் சேர்ந்த பதிப்பு. அந்த 1811 பதிப்பு புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குரோஸ் பழைய கோட்டைகளையும் இடிபாடுகளையும் வரைந்து எழுதிய ஆள், படையில் கேப்டனாக இருந்தவர், உடம்பு மிகப் பெரியது. ராபர்ட் பர்ன்ஸ் தன் புகழ்பெற்ற கவிதை ஒன்றை எழுதியதே இவருடைய ஸ்காட்லாந்து புத்தகத்துக்காகத்தான். சொல் சேகரிக்க இவர் டாம் காக்கிங் என்ற தன் உதவியாளருடன் இரவு நேரங்களில் லண்டனின் சேரிகளிலும் குடிக்கடைகளிலும் அலைந்தார். சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டது 1755-இல். அதில் பிடிக்காத சொல் வந்தால் "தாழ்ந்த சொல்" என்று முத்திரை குத்தி நகர்வார். முப்பது வருடம் கழித்து அந்தத் தாழ்ந்த சொற்களைத் தேடியே ஒருவர் இருட்டில் நடந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

குரோஸை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ஏதாவது ஓர் எழுத்தைத் திறந்து கண் போன போக்கில் போங்கள். "குறுங்கடல்களின் தளபதி" என்று ஒரு பட்டம் வரும், ஏதோ கடற்படைப் பதவி என்று நினைப்பீர்கள். குடித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் மடியில் வாந்தி எடுப்பவருக்குப் பெயர் அது. அதோடு விட்டார்களா? துணைத் தளபதியும் உண்டு, மேசைக்கு அடியில் தோழர்களின் செருப்புக்குள் சிறுநீர் கழிப்பவர். இந்த இரண்டு பதவிகளையும் பிரித்து வைத்திருக்கும் நுணுக்கத்தைப் பார்க்கும்போது, அந்தக் காலத்துக் குடிமேசை எப்படி இருந்திருக்கும் என்று வரலாற்றுப் புத்தகம் எதுவும் சொல்லாததை ஒரு வரியில் தெரிந்துகொள்கிறோம். "மூன்று இல்லாத கனவான்" என்று இன்னொருவர்: காசு இல்லை, புத்தி இல்லை, மரியாதை இல்லை. நாலாவதாகக் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை என்று சிலர் சேர்ப்பார்கள் என்று குறிப்பு வேறு. வயதான வாய் ஒன்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலவே இருக்கும்.

ஒரு வாரம் இப்படிச் சும்மா மேயுங்கள். அப்புறம் வேலை ஆரம்பிக்கும்.

பதிவைப் படிக்கும் விதம்

ஸ்லாங் அகராதியின் ஒரு பதிவில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கத்தை விட வேண்டும். நான் பார்க்கும் வரிசை தலைகீழ். முதலில் மேற்கோள் இருக்கிறதா, எந்த ஆண்டு என்று பார்ப்பேன். அடுத்தது அதைச் சொன்னது யார், எங்கிருந்து எடுத்தது: நீதிமன்றப் பதிவா, நாடகமா, செய்தித்தாளா, சிறைக் கைதியின் நினைவுக்குறிப்பா? பொருள் கடைசியில்தான். ஏனென்றால் பொருள் என்பது தொகுத்தவரின் ஊகம், மேற்கோள்தான் சாட்சி.

இந்த வேறுபாடு புரிய இரண்டு பெரிய அகராதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று எரிக் பார்ட்ரிட்ஜ் 1937-இல் வெளியிட்டது. நியூசிலாந்தில் பிறந்த இவர் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் பல பத்தாண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். படிக்க அருமையான ஆள், ஆனால் காலம் குறிப்பதில் தன் காதையும் உள்ளுணர்வையும் நம்பி "18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல்" என்று அடித்துவிடுவார், அதற்கு ஆதாரம் பல இடங்களில் இருக்காது. இன்னொன்று ஜோனதன் கிரீன் 2010-இல் மூன்று தடித்த தொகுதிகளாக வெளியிட்டது. 2016-இல் இணையத்துக்கு வந்தது, இப்போது இலவசமாகவே தேடலாம். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தேதியிட்ட மேற்கோள்கள் வரிசையாக நிற்கும், ஏறத்தாழ ஐந்நூறு வருட ஆங்கிலத்துக்கு. ரசிக்கப் பார்ட்ரிட்ஜ், நம்பக் கிரீன் என்று நான் வைத்திருக்கிறேன். பார்ட்ரிட்ஜ் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. அமெரிக்க ஸ்லாங்குக்கு ஜொனாதன் லைட்டர் இதே முறையில் ஒன்றைத் தொடங்கினார். முதல் தொகுதி 1994, இரண்டாவது 1997, அதோடு ஓ எழுத்தில் நின்றுபோனது. பி முதல் இசட் வரை இல்லாத அகராதியை வைத்துக்கொண்டு எத்தனை முறை கையைப் பிசைந்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஆண்டைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. முதல் மேற்கோளின் ஆண்டு சொல்லின் பிறந்தநாள் இல்லை. அது முதன்முதலில் காகிதத்தில் மாட்டிக்கொண்ட நாள், அவ்வளவுதான். சாதாரணச் சொல்லுக்கே இந்த இடைவெளி உண்டு, ஸ்லாங்குக்கோ இன்னும் அதிகம், ஏனென்றால் அதைப் பேசியவர்கள் எழுதவில்லை, எழுதத் தெரிந்தவர்கள் அதை எழுதக் கூசினார்கள்.

ஒரே சொல்லை நாலு புத்தகங்களில் துரத்துங்கள்

நான் யாருக்கும் சிபாரிசு செய்யும் முதல் பயிற்சி இது, ஒரு சாயங்காலம் போதும். "கோவ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் என்று பொருள். தாமஸ் ஹார்மன் என்ற கென்ட் பகுதிக் கனவான் 1567-இல் நாடோடிகளையும் பிச்சைக்காரர்களையும் பற்றி எச்சரித்து ஒரு புத்தகம் போட்டார். தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை விசாரித்து, மிரட்டி, சில சமயம் காசு கொடுத்து வாங்கிய சொற்கள் அதில் உண்டு. அங்கே "கோஃப்" என்ற எழுத்துக்கூட்டில் இது வருகிறது. இரண்டு நூற்றாண்டு தாண்டிக் குரோஸிடம் வந்தால் ஆள், போக்கிரி என்று நிற்கிறது. அடுத்து ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ். இவர் திருட்டு, கள்ளநோட்டு போன்ற குற்றங்களுக்காகக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. 1812-இல் அங்கே நியூகாசில் குடியேற்றத்தில் கைதியாக இருந்துகொண்டே திருடர் பாஷைக்கு ஒரு சொற்பட்டியல் எழுதி அங்கிருந்த அதிகாரிக்குக் காணிக்கையாக்கினார். அவருடைய நினைவுக்குறிப்போடு அது 1819-இல் அச்சானது. ஆஸ்திரேலியாவில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி என்று இதைத்தான் சொல்கிறார்கள். வாக்ஸ் கொடுக்கும் பொருள் நுட்பமானது: தனியாகச் சொன்னால் வீட்டுக்கோ கடைக்கோ முதலாளி, வேறு சொல்லோடு சேர்ந்தால் இன்ன மாதிரி ஆள். வெளியிலிருந்து கேட்டவர்கள் "ஆள்" என்று முடித்த இடத்தில், அந்தப் பாஷையை வயிற்றுப் பிழைப்பாகப் பேசியவர் இரண்டாகப் பிரிக்கிறார். இதன் பிறகு ஆஸ்திரேலியப் பண்ணைகளில் முதலாளியைக் குறிக்க இச்சொல் ஓடுகிறது. அந்தப் பக்கம் நியூயார்க்கின் முதல் போலீஸ் தலைவரான ஜார்ஜ் மாட்செல் 1859-இல் போட்ட போக்கிரி அகராதியிலும் இது இருக்கிறது. கடைசியில் இங்கிலாந்தில் பல்லெல்லாம் உதிர்ந்து, ஆளைச் செல்லமாகச் சொல்லும் சாதுவான சொல்லாகிவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, நாலு பேரில் ஒருவர்கூடச் சும்மா சொல் பிரியர் இல்லை. வாசலில் வந்தவரை மிரட்டிய கனவான், இரவில் அலைந்த படைக்காரர், கைதி, போலீஸ் தலைவர். ஸ்லாங்கைத் தொகுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் இருந்தது. வாட்கின் டென்ச் என்ற அதிகாரி 1793-இல் வெளியான தன் புத்தகத்தில், சிட்னி குடியேற்றத்தின் தொடக்ககால நீதிமன்றங்களில் சாட்சியையும் கைதியின் வாதத்தையும் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார் என்கிறார். வழக்கு நடப்பது ஆங்கிலத்தில், பேசுபவர்களும் ஆங்கிலேயர்கள்! இதைத் தெரிந்துகொண்டு வாக்ஸின் பட்டியலைத் திரும்பப் படித்தால், அந்த அதிகாரிக்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று புரியும். தன் கூட்டத்தின் சாவியை எடுத்து அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார் என்றும் தோன்றும். அவர்மேல் எனக்கு முழு மரியாதையும் வரவில்லை, முழுக் கோபமும் வரவில்லை.

இங்கிலாந்தில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1455-இல் பிரான்ஸின் திஜோன் நகரத்தில் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் மேல் நடந்த வழக்கில் அவர்களுடைய மறைச்சொற்களை நீதிமன்றமே எழுதி வைத்தது. ஜெர்மனியில் பிச்சைக்காரர்களின் தந்திரங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று 1510 வாக்கில் சொற்பட்டியலோடு வந்தது, அதன் 1528 பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் மார்ட்டின் லூதர். சமயச் சீர்திருத்தவாதிக்கும் திருட்டுப் பாஷைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் முழித்தேன். ஏமாந்து பிச்சை போடாதீர்கள் என்று ஊரை எச்சரிப்பதுதான் சம்பந்தம்.

கட்டுமானத்தையும் பாருங்கள்

ஹார்மனின் பட்டியலில் மூக்கை "முகரும் சீட்", பன்றியை "உறுமும் சீட்", கோழியைக் "கொக்கரிக்கும் சீட்" என்கிறார்கள். இந்தச் "சீட்" ஏமாற்றும் சீட் இல்லை. பொருள், சாமான் என்பதற்கான அவர்களுடைய சொல். மூக்கு என்றால் முகருகிற சாமான். பகல் "லைட்மன்ஸ்", இரவு "டார்க்மன்ஸ்". ஆக நூறு சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு ஒட்டுகள் தெரிந்தால் போதும், போகிற வழியில் புதிதாக ஒன்றைச் செய்து சொன்னாலும் கூட்டாளிக்குப் புரியும், வெளியாளுக்குப் புரியாது. குரோஸிடம் தூக்குமரமே ஒரு "சீட்", தொங்கவிடுகிற சாமான்.

லண்டன் தெரு வியாபாரிகள் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பேசியதையும், எதுகைச் சொல் வைத்துப் பேசியதையும் ஜான் கேம்டன் ஹாட்டன் 1859-இல் தன் அகராதியில் தனிப் பகுதிகளாகவே கொடுத்தார். "பாய்" என்பதைத் திருப்பினால் "யாப்", படிக்கட்டைக் குறிக்கும் "ஸ்டேர்ஸ்" என்பதற்கு எதுகையாக "ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்". நாம் பள்ளிக்கூடத்தில் "க" பாஷை பேசவில்லையா, ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒன்றைச் செருகி? அதே குறும்புதான், இவர்களுக்கு அதில் வியாபாரமும் இருந்தது.

நம்பிவிடாதீர்கள்

இந்தத் துறையில் காப்பி அடிப்பது பரம்பரைத் தொழில். ஹார்மனின் பட்டியலை 1608-இல் தாமஸ் டெக்கர் எடுத்துக்கொண்டார், 1673-இல் ரிச்சர்ட் ஹெட் அந்தச் சரக்கையே திரும்பக் கடை விரித்தார், அந்த நூற்றாண்டின் கடைசியில் பி.இ. என்று கையெழுத்திட்ட ஒருவர் அகராதி போட்டார், அதிலிருந்து நிறையக் குரோஸுக்கு வந்தது. எனவே ஒரு சொல் ஐந்து அகராதிகளில் இருக்கிறது என்றால் இருநூறு வருடம் வாழ்ந்தது என்று அர்த்தமில்லை. அது செத்துப்போய், அகராதிகளுக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்திருக்கலாம். சோதிப்பது எளிது: அகராதி தவிர வேறெங்காவது, ஒரு வழக்கிலோ கடிதத்திலோ, யாராவது அதைப் பேச்சுவாக்கில் பயன்படுத்தியிருக்கிறார்களா? கிரீனின் மேற்கோள்களில் வெறும் அகராதிப் பெயர்களாகவே வந்தால் அந்தச் சொல்மேல் ஒரு பென்சில் கேள்விக்குறி போடுங்கள்.

சொல்லின் பிறப்புக் கதைகள் அதைவிட ஆபத்து. கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு பொய்யாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆடம்பரமான என்ற பொருளில் வரும் "பாஷ்" என்ற சொல், இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் வெயில் படாத அறை வாங்கிய பணக்காரர்களின் கப்பல் டிக்கெட்டில் அடித்த நாலு எழுத்து முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை. இதை நான் ஒரு கூட்டத்தில் பந்தாவாகச் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, "அந்த முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றாவது யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வழிந்த அசடுதான் இந்தப் பத்தியை எழுத வைக்கிறது. முதலெழுத்துச் சுருக்கம் என்று யாராவது ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்ளலாம், அனேகமாக நஷ்டம் வராது. அனேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், "ஓகே" உண்மையிலேயே சுருக்கம்தான். "ஆல் கரெக்ட்" என்பதை வேண்டுமென்றே தப்பான எழுத்துக்கூட்டில் எழுதி அதைச் சுருக்கிய ஒரு பத்திரிகை ஜோக். 1839 மார்ச் 23-ஆம் தேதி பாஸ்டன் பத்திரிகையில் வந்ததை மொழியாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் 1960-களில் தோண்டி எடுத்துக் காட்டினார். அதற்கு முன் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தேதி வந்ததும் அத்தனையும் ஓய்ந்தன என்று சொல்ல ஆசைதான், ஓயவில்லை, இன்னும் சுற்றுகின்றன.

நீங்களே பழைய புத்தகங்களில் தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. 1800 வரைக்கும் அச்சில் ஆங்கில எஸ் எழுத்துக்கு நீளமான இன்னொரு வடிவம் இருந்தது, பார்க்க எஃப் மாதிரியே இருக்கும். ஸ்கேன் செய்த புத்தகங்களை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவிடும். "ஸ்லாங்" என்று தேடினால் ஒன்றும் வராது, "ஃப்ளாங்" என்று தேடினால் வரும். திருடர் பாஷைக்கு அன்றைய பெயர் "ஃப்ளாஷ்", அதுவும் வெட்டுக்கான "ஸ்லாஷ்" என்பதும் மென்பொருள் கண்ணில் ஒன்றுபோலவே ஆகிவிடும். பழைய ஓலைச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பதிப்பாசிரியர்கள் திண்டாடிய கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வந்த ஒவ்வொன்றையும் பக்கத்தின் படத்தைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

அகரவரிசையை மறந்துவிட்டுப் படிப்பது

கொஞ்சம் பழகியதும் பொருள் வாரியாகப் படியுங்கள், இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. ஒரு நோட்டில் நாலைந்து தலைப்பு போதும்: குடி, காசு, போலீஸ், ஏமாற்று, சாவு. ஸ்லாங் இந்த இடங்களில்தான் ஈ மாதிரி மொய்க்கும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1737-இல் தன் பத்திரிகையில் குடிபோதையைக் குறிக்கும் சொற்களை மட்டும் இருநூறுக்கு மேல் பட்டியல் போட்டார். நிதானமாக இருப்பதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும்.

குரோஸில் தூக்குத் தண்டனைக்கு மட்டும் எத்தனை சொல் என்று குறித்துக்கொண்டே வந்தேன். "ஷெரிஃப் நடத்தும் நடன விருந்தில் ஆடி, கூடியிருப்பவர்களுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவது" என்று ஒன்று. "பாடிங்டன் திருவிழா" என்று ஒன்று, லண்டனின் தூக்கு மைதானமான டைபர்ன் அந்தப் பக்கம் இருந்ததால். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு என்பது நினைவுக்கு வந்தது, அதில் சின்னத் திருட்டுகளும் சேர்த்தி. தூக்கை வேடிக்கை பார்க்க ஊரே கூடியது. பக்கத்து வீட்டுப் பையனைத் தொங்கவிட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசிய பேச்சு இது என்று தெரிந்ததும் அந்தச் சொற்கள் வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தன. ஒற்றைச் சொல்லாகப் பார்த்திருந்தால் ஜோக் என்று கடந்துபோயிருப்பேன்.

சாவுக்கான சொற்களைப் படிக்கும்போது தமிழையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வாளியை உதைத்தான்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் குரோஸிலேயே இருக்கிறது. இதை "இயற்கை எய்தினார்" என்று மொழிபெயர்த்தால் பொருள் சரி, மற்றது எல்லாம் தப்பு. "மண்டையைப் போட்டான்" என்றால் அந்த அலட்சியம் அப்படியே வந்துவிடுகிறது, "டிக்கெட் வாங்கிட்டான்" என்றால் இன்னும் கொஞ்சம் திமிர் கூடுகிறது. ஓடிப்போவதற்குக் "கம்பி நீட்டினான்", மாட்டாமல் நழுவுவதற்கு "டிமிக்கி கொடுத்தான்". இப்படி ஒவ்வொரு பழைய சொல்லுக்கும் அதே எடை, அதே நாற்றம் உள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுவது ஒரு விளையாட்டு. நம்மிடம் எந்தச் சொல் யார் முன்னால் செல்லும் என்பதும் அதில் தெளிவாகிவிடும். "கிட்டில் பிட்சரிங்" என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் மனதுக்குப் பிடித்த ஒன்று அமையவில்லை.

இல்லாத சொற்களையும் படியுங்கள். குரோஸ் சில சொற்களில் எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரம் போட்டார், பார்ட்ரிட்ஜும் 1937-இல் அதையே செய்தார். ஃபார்மர், ஹென்லி என்ற இருவர் 1890 முதல் 1904 வரை ஏழு தொகுதியில் ஒரு ஸ்லாங் அகராதி போட்டார்கள், அதில் ஆபாசச் சொற்கள் வந்த இடத்தில் அச்சகம் கைவிரித்துவிட்டது, ஃபார்மர் நீதிமன்றம் போய்த் தோற்றார். ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி 1928-இல் முடிந்தபோது எல்லோருக்கும் தெரிந்த அந்த இரண்டு நாலெழுத்து வசைச் சொற்கள் அதில் இல்லை, 1972 துணைத்தொகுதியில்தான் இரண்டும் ஏறின. இன்னொரு பக்கம், பெண்களையும் வேற்று இனத்தாரையும் ஏழைகளையும் கேவலப்படுத்தும் சொற்கள் எந்த நட்சத்திரமும் இல்லாமல் பக்கம் பக்கமாக இருக்கும். எது அச்சிடக் கூசியது, எது கூசவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே போங்கள், சில நாள் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும், மூடிவைக்கலாம்.

எது நிலைக்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் கும்பலைக் குறிக்கும் "மாப்" என்ற சொல்லையும் கிண்டலைக் குறிக்கும் "பான்டர்" என்ற சொல்லையும் ஒழிக்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டதாகப் புலம்பினார். இரண்டும் இன்று பரீட்சைத் தாளில்கூட எழுதலாம். குரோஸ் பதித்த "முழங்கை எண்ணெய்", அதாவது உடம்பு உழைப்பு, இன்றும் ஓடுகிறது. குறுங்கடல் தளபதிதான் பாவம், மூழ்கிவிட்டார்.

கதை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஸ்லாங்கை வசனத்தில் கரண்டி கரண்டியாகப் போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், அதுவும் வாசகர் அகராதி தேடாமல் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி.

கடைசியாக, கையில் ஒரு கட்டு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு அகராதியே 1857-இல் தொடங்கிய யோசனைக்குப் பிறகு தன்னார்வலர்கள் அனுப்பிய சீட்டுகளில்தான் கட்டப்பட்டது. நீங்கள் காதால் கேட்கும் தமிழ் ஸ்லாங்குக்கு இதைச் செய்யலாம், போனிலும் செய்யலாம். தேதி, சொன்னவரின் வயது ஏறத்தாழ, யாரிடம் சொன்னார், சொன்ன வாக்கியம் அப்படியே. வாக்கியம்தான் முக்கியம், "மொக்கை: சுவாரசியமற்றது" என்று எழுதிவைத்த சீட்டு யாருக்கும் பயன்படாது. "படம் மொக்கை", "செம மொக்கை போட்டான்", "மொக்கை வாங்கிட்டேன்" மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன, மூன்றுக்கும் தனிச் சீட்டு. ஆளின் பெயரை எழுத வேண்டாம். பொருளை அன்றைக்கே எழுதவும் வேண்டாம், பத்துச் சீட்டு சேர்ந்த பிறகு எழுதினால் முதல் நாள் நினைத்தது பாதி தப்பாக இருக்கும்.

மூன்று மாதம் கழித்துச் சீட்டுகளைத் தரையில் பரப்பிப் பொருள் வாரியாக அடுக்கிப் பாருங்கள். என்னுடையதில் உயரமான அடுக்கு ஏமாற்றுதான்: அல்வா கொடுப்பது, நாமம் போடுவது, காது குத்துவது, ரீல் விடுவது, பீலா விடுவது, டபாய்ப்பது. அடுத்த உயரம் வெட்டிப்பேச்சு. காதலுக்கு மூன்றே சீட்டு, அதிலும் இரண்டு "கடலை".